இரண்டாவது கதிரை

தம்பி, இதை நீ படகில் இருந்தபடி வாசிக்கத் தொடங்கியிருந்தால் முதலில் கரைக்கு இறங்கு. குறிகட்டுவான் இறங்குதுறையில் நிழலான ஓரிடம் பார்த்து இருந்துகொண்டு பிறகு வாசி. ஸ்ரெச்சர் தூக்க அன்ரன் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வான். உன்னுடைய அம்புலன்ஸ் படகை ஓட்டுகிற அவனிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன் என்றால், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று உனக்கு விளங்கியிருக்கும். லீவு போட்டுவிட்டேன், வேலணையில் சிநேகிதன் வீட்டில் ஆறி இருக்கிறேன் என்று என்னிடம் சொன்னாய். வெள்ளிக்கிழமை நெடுந்தீவுக்குப் போய் ஒரு கனத்த மனுசியைத் தூக்கி ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாய். அன்று பின்னேரம் அன்ரன் எங்கள் கேற்றடியில் வந்து நின்று, "நான் கோள் சொல்லுறன் எண்டு நினையாதையுங்கோ டொக்டர். படகில ஏறி இருந்தாப் பிறகு அவர் கனநேரம் கதைக்கேல்ல. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றான். இப்படிக் கோள் சொல்லத் தெரிந்த ஒரு சிநேகிதன் கிடைத்ததற்கு நீ கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும்.

நேரில் கதைத்தால் நான் கத்திவிடுவேன், நீ எழும்பிப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நான் கத்தாத நாள் குறைவு என்று என்னோடு வேலை செய்த தாதிமார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. விஷயம் இதுதான். உன் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தம் வந்த வழியே கொஞ்சம் திரும்பிப் போகிறது. அதைச் சமாளிக்கப் பார்த்து இதயம் பெருக்கத் தொடங்கியிருக்கிறது. தைத்துச் சரிசெய்யலாம், ஆனால் தள்ளிப்போட ஏலாது. ஆவணியில் உனக்குக் கல்யாணம். துளசிக்கு நீ இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "கல்யாணம் முடியட்டும், பேந்து சொல்லுவம். இப்ப சொன்னால் அவையள் வீட்டில பயந்துபோவினம்" என்றாய். அது சரியில்லை என்று நான் சொன்னபோது குசினி வாசலில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாய்: "நீங்கள் இப்ப அம்மாவாக் கதைக்கிறியளோ, டொக்டராக் கதைக்கிறியளோ?" கையில் இருந்த அகப்பையைக் கழுவினேன். பிறகு கழுவின அகப்பையையே மறுபடியும் கழுவினேன். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாக இரு.

நான் நெஞ்சு பார்க்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்து தொடங்குகிறேன். அம்மா செய்வது பெரிய சமூகசேவை என்று நீ துளசிக்குச் சொல்லிப் பெருமைப்பட்டாய். உண்மையில் அது மாம்பழத்தில் தொடங்கிய விஷயம். நான் வெளிநாட்டில் படிப்பை முடித்துக்கொண்டு வந்து யாழ்ப்பாணத்தில் நெஞ்சு திறந்து வேலை செய்யத் தொடங்கிய காலத்தில், பிழைத்துப் போனவர்களின் வீடுகளிலிருந்து எனக்குச் சாமான் வந்துகொண்டே இருந்தது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம், புழுக்கொடியல், கருவாடு, ஒருமுறை உயிரோடு ஒரு சேவல். அந்தச் சேவலுக்கு நீ உன் பள்ளிக்கூட அதிபரின் பெயரை வைத்தாய், நினைவிருக்கும். ஒரு மாம்பழக் காலத்தில் வீட்டில் வைக்க இடமில்லாமல் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வளவில் அம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் கொடுத்தேன். அங்கே இருந்த சாரதி ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்களுக்கெண்டு வந்த முதல் மாம்பழம் இதுதான் டொக்டர்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஊர்காவற்றுறையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் குண்டும் குழியுமான தெருவில் நெஞ்சை அமத்தி அமத்தி ஆளை உயிரோடு கொண்டுவந்து சேர்க்கிறவர்கள் இவர்கள். கடைசியில் நின்று தைத்த எனக்கு மாம்பழம். கதைத்துக்கொண்டு நிற்கும்போதே அவர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு நாளா உந்த நோ?" என்று கேட்டேன். "அது பாரம் தூக்கிற நோ" என்றார். அது பாரம் தூக்கும் நோ இல்லை. கொஞ்ச நாளில் அவருக்கு நானே சத்திரசிகிச்சை செய்தேன்.

அதற்குப் பிறகுதான் வேலணையில் அந்த மண்டபத்தைக் கேட்டு எடுத்து, மாதத்தின் முதல் ஞாயிறு அம்புலன்ஸ்காரரையும் தீயணைப்புப் படைக்காரரையும் வரச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களை ஏன் பண்ணைப் பாலம் தாண்டித் தீவுக்கு இழுக்கிறீர்கள் என்று உன் அப்பா கேட்டார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தால் மேலதிகாரியின் காதுக்குப் போய்விடும் என்று ஒருவரும் வரமாட்டார்கள். தீவு என்றால் மண்கும்பான் கடற்கரைக்குப் போய் முழுகிவிட்டு வருகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு என்னிடம் நெஞ்சு காட்ட வந்தவர்கள் எத்தனையோ பேர். இந்த மனிதர்கள் பொய் சொல்வார்கள், தம்பி. சுகமில்லை என்று எழுதிவிட்டால் வாகனத்திலிருந்து இறக்கிக் கந்தோரில் மேசையடியில் இருத்திவிடுவார்கள். நெருப்புக்குள் போகப் பயமில்லாதவனுக்கு அந்த மேசையடிதான் பயம். ஆனபடியால் மூச்சு வாங்குமோ என்றால் இல்லை, நோகுமோ என்றால் இல்லை, நித்திரை எப்படி என்றால் அடித்துப்போட்ட மாதிரி என்பார்கள்.

செல்வமும் அப்படித்தான் சொன்னார். அப்போது அவர் தீயணைப்பு வாகனத்தில் முதலில் குதித்து இறங்குகிற ஆள். நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. பட்டை எடுத்தேன், அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. கேள்வி கேட்டேன், எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு இல்லை என்றார். போகச் சொன்னேன். சில கிழமைகள் கழித்து ஊர்காவற்றுறையில் ஒரு வலைக் கொட்டில் தீப்பிடித்தது. தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினவர் பாதியில் விழுந்துவிட்டார். அம்புலன்ஸ்காரர் வழி முழுக்க நெஞ்சை அமத்திக் கொண்டுவந்து சேர்க்க, நான் திறந்து இரத்தக் குழாய்களை மாற்றி வைத்தேன். ஆள் பிழைத்தார். வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன். அந்தப் பெண் அழவுமில்லை, என்னைக் கும்பிடவுமில்லை. "அண்டைக்கு வேலணைக்கு நானும் வந்தனான் டொக்டர். வெளியில வாங்குப் பலகையில குடையோட இருந்தனான். கனநாளா அவருக்குப் படுக்கேலாது, கதிரையில இருந்துதான் நித்திரை கொள்ளுறவர். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். ஆர் என்னைக் கேட்டது?" என்றார். குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். நான் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியும்.

அடுத்த முதல் ஞாயிறு வந்தபோது எனக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டேன். ஒன்று நெஞ்சு காட்ட வருகிறவருக்கு, மற்றது அவர் நித்திரை கொள்வதையும் படி ஏறுவதையும் பார்க்கிற ஒருவருக்கு. இரண்டாவது கதிரை வெறுமையாக இருந்தால் நான் நெஞ்சு பார்க்கிற குழாயைக் காதில் வைக்கமாட்டேன் என்று சட்டம் போட்டேன். முதல் மாதம் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினேன். திட்டிக்கொண்டு போனார்கள். பிறகு மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மை கேட்கத் தொடங்கியது. "நெஞ்சு எரிவு" என்று இவர் சொல்ல, "எரிவோ, வேலி அடைக்கேக்க கதியால் தடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது எரிவோ?" என்று அவர் கேட்பார். கல்யாணமாகாத ஒருவன் தான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவைக் கூட்டிவந்தான். அவர் என்னிடம் அவனுடைய நெஞ்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார். ஒருவன் மனைவியோடு கோபம் என்று மாமியாரைக் கூட்டிவந்து, நெஞ்சு நல்லாக இருக்கிறது என்று கேட்ட பிறகு அந்த மாமியாராலேயே சமாதானமாகிப் போனான். செல்வத்துக்கு இனி வாகனத்தில் ஏற ஏலாது. ஆனாலும் ஒவ்வொரு முதல் ஞாயிறும் முதல் ஆளாக வந்து கதிரை போட்டுத் தேத்தண்ணி ஊற்றுவார். இரண்டாவது கதிரையை மட்டும் துணியால் துடைத்துப் போடுவார்.

நீ டொக்டராக வரவில்லை என்று எனக்கு மனவருத்தம் இருந்தது. மறைக்கவில்லை. பரீட்சை முடிந்து அம்புலன்ஸில் சேரப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் கதைத்த கதையை உன் அப்பா இப்போதும் சொல்லிக்காட்டுவார். அந்த மனவருத்தம் எப்போது போனது என்று உனக்குத் தெரியாது. ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் நானும் அப்பாவும் நயினாதீவில் கும்பிட்டுவிட்டுக் குறிகட்டுவானில் வந்து இறங்கி நின்றோம். கடல் அடித்துக்கொண்டிருந்தது. நெடுந்தீவிலிருந்து உன் படகு வந்தது. உள்ளே நெஞ்சுநோவோடு ஒரு வயதான மனிதர். அவர் முகத்தில் தண்ணீர் தெறிக்காதபடி உன்னுடைய மழைக் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீ முழுக்க நனைந்துபோய், அவரோடு ஏதோ கதைத்துக்கொண்டு வந்தாய். நான் உடனே சண்டைக்கு வந்தேன். "ஏன்ரா இவ்வளவு பிந்தினது?" "அப்புவின்ர ஆடுகளைக் கட்டிப்போட்டு வந்தனாங்கள்." "நெஞ்சுநோக்காரனை வைச்சுக்கொண்டு ஆடு கட்டினியோ?" "ஆடு கட்டாமல் அவர் ஏறமாட்டன் எண்டவர் அம்மா. விட்டிருந்தால் தானே எழும்பி நடந்துபோய்க் கட்டியிருப்பார்." பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நான் சொல்வேன். அந்த ஆடுகளில் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அந்த மனிதர் உன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸில் ஏறியதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. பஸ்ஸில் வரும்போது அப்பா கேட்டார், என்ன கதையில்லை என்று. கடற்காற்று என்றேன்.

போன மாதம் முதல் ஞாயிறு அன்ரன் நெஞ்சு காட்ட வந்தான். அவனுடைய மனைவி பிரான்சில் இருப்பதால் இரண்டாவது கதிரைக்கு உன்னைக் கூட்டிவந்தான். அவன் சிகரெட் குடிப்பதை நீ சொன்னாய், கொழுப்புச் சாப்பிடுவதைச் சொன்னாய், நல்லாகக் குறட்டை விடுவதையும் சொன்னாய். "நீ என்ன சொல்லுறாய்?" என்று நான் அவனைக் கேட்டேன். "என்னை விடுங்கோ டொக்டர். உவரைப் பாருங்கோ" என்றான். "முந்தி ஸ்ரெச்சரை ஒரே பிடியில ஏத்துவார். இப்ப ஏத்திப்போட்டு வந்து எஞ்சினடியில குந்தியிருக்கிறார். முகமெல்லாம் ஈரம். கடல் தண்ணி தெறிச்சது எண்டுறார். அண்டைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது." நீ சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டுதான் குழாயை உன் நெஞ்சில் வைத்தேன். கேட்டது எனக்கு. கிடுகு வேலி நீக்கலால் காற்றுப் போகிற மாதிரி ஒரு ஊதல், ஒவ்வொரு துடிப்புக்கும். அந்தச் சத்தத்தை எத்தனை நெஞ்சுகளில் கேட்டிருப்பேன். தேவைக்கு மேலாகவே குழாயை அங்கே வைத்திருந்தேன். எடுத்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு உனக்குப் பின்னால் நின்ற எல்லோரையும் பார்த்து முடித்தேன். செல்வம் வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை படிந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு வந்திருக்கும் டொக்டர் அந்தக் கிழமையே உன்னை ஸ்கான் செய்து பார்த்துவிட்டு நான் நினைத்ததையே சொன்னார். தைத்து முடியும்வரை பாரம் தூக்கக் கூடாது என்றும் சொன்னார். அதை நீ கேட்ட அழகைத்தான் வெள்ளிக்கிழமை பார்த்தோமே.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை துளசி கரம்பொனுக்கு நம் வீட்டுக்கு வந்தாள். நயினாதீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, படகால் இறங்கி, பஸ் மாறி, களைத்துப்போய் வந்தாள். கூறைச் சேலையின் நிறம் காட்டுவதற்கு ஒரு துண்டுத் துணி கொண்டுவந்திருந்தாள். அரக்குச் சிவப்பு. நல்ல நிறம் என்றேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவள் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்: "மாமி, இவர் ஏன் இப்ப இறங்குதுறைப் படியில நிண்டு நிண்டு ஏறுறார்? கேட்டால் என்னோட கதைக்கத்தான் நிக்கிறன் எண்டுறார். ஆனால் கதைக்கிறதில்லை." தம்பி, இரண்டு கதிரைச் சட்டம் போட்ட நான், எத்தனையோ பெண்களிடம் உண்மையைச் சொல்லு பிள்ளை என்று கேட்டு வாங்கிய நான், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "வேலைக் களைப்பு பிள்ளை, வேறொண்டுமில்லை" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. "ஓம் மாமி" என்றாள். துணித்துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அவள் நம்பவில்லை. குடையோடு வாங்கில் இருந்த செல்வத்தின் மனைவியை ஒருவரும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளை தானாக வந்து கேட்டாள், நான் பொய் சொல்லி அனுப்பினேன். எது பெரிய பிழை என்று நீயே சொல்லு.

அவள் போனபிறகு உன் அப்பாவோடு கதைத்தேன். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் எண்டு சும்மாவே சொல்லியிருக்கினம்? உது வருத்தம்கூட இல்லை, ஒரு தையல் வேலை. முடியட்டும்" என்றார். அப்போதுதான் நான் அவருக்கு அந்தக் கிணற்றடியை நினைவுபடுத்தினேன். உனக்கு அந்தக் கதை பகிடியாகத்தான் தெரியும். டொக்டர் பெண்ணைக் கட்டிக்கொண்டு டொக்டரிடமே முட்டு வருத்தத்தை ஒளித்த மனுசன் என்று சித்தப்பாமார் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணம் முடிந்து சில நாளில் விடியக்காலையில் கண் விழித்தால் ஆளைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக் குனிந்து நின்று, சத்தம் வெளியே வராமல் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சுக்கால் நடந்தபோது அவர் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் எனக்கு அது வருசக்கணக்காக ஆறவில்லை. முட்டு வருத்தத்துக்காக இல்லை. வருத்தம் எனக்குப் புதிதா? நான் அறைக்குள் படுத்திருக்க, ஒரு மனிதர் என்னை நம்பாமல் தனியே கிணற்றடியில் போய் மூச்சுக்குத் தவித்தாரே, அதுதான். அதற்குப் பிறகு கனகாலம் இரவில் அவர் திரும்பிப் படுத்தாலே நான் விழித்துவிடுவேன். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அப்பா தண்ணீர் விட்ட கன்றுக்கே திரும்பவும் விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "தம்பிக்கு எழுது. நான் உனக்குச் சொல்லாமல் விட்டது பிழை எண்டு நானே சொன்னனான் எண்டும் எழுது" என்றார். இத்தனை வருசத்தில் அதை அவர் வாயால் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. எழுதிவிட்டேன்.

சொன்னால் துளசி போய்விடுவாளோ என்று நீ பயப்படுகிறாய். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் போனால் நீ அழுவாய், உன்னோடு நானும் அழுவேன், அப்பா வயலுக்குப் போய்விடுவார். அவள் வீட்டார் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லலாம். ஊர் கதைக்கும். ஊருக்கு வேறு என்ன வேலை. ஆனால் ஒன்று யோசித்துப் பார். நெஞ்சில் தையல் போட்டு நாங்கள் வீட்டுக்கு அனுப்பினவர்களில் யார் கெதியில் தேறினார்கள் என்று எனக்குத் தெரியும். மருந்து எப்போது, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க ஏலாது, எந்த இருமலுக்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவர்கள்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அதையெல்லாம் செய்வாள்தான். ஆனால் செய்யும்போது ஒவ்வொரு முறையும் இது இவருக்கு முதலே தெரியும், மாமிக்கும் தெரியும் என்ற நினைவு அவளுக்கு வரும். அந்த நெடுந்தீவு அப்புவை நினைத்துப் பார். ஆட்டைக் கட்டாமல் அவரைப் படகில் ஏற்ற ஏலாது என்று உனக்குத் தெரிந்திருந்தது. நீ மட்டும் துளசிக்குச் சொல்லாமல், ஆட்டை அவிழ்த்துவிட்டபடி ஏறப் பார்க்கிறாய்.

உனக்குச் சத்திரசிகிச்சை நான் செய்யப்போவதில்லை. நான் ஓய்வு பெற்றதால் மட்டும் சொல்லவில்லை. சொந்தப் பிள்ளையின் நெஞ்சில் கத்தி வைக்கும் கை கையாக இருக்காது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். என் இடத்துக்கு வந்தவர் என்னைவிட நன்றாகத் தைப்பார். என்னைவிடக் குறைவாகக் கத்துவார். நீ அம்மாவாவா, டொக்டராவா என்று கேட்டாய். டொக்டராகச் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். அம்மாவாக நான் செய்யக்கூடியதைச் செவ்வாய்க்கிழமை செய்து காட்டிவிட்டேன், பொய் சொன்னேன். இப்போது கதைப்பது, நீ படி ஏறுவதையும் நித்திரை கொள்வதையும் இத்தனை வருசமாகப் பார்த்துக்கொண்டிருந்த, அந்த இரண்டாவது கதிரையில் இருக்கிற மனுசி. அந்த இடத்தை இனி நான் துளசிக்கு விட வேண்டும். விட மனமில்லாமல்தான் எனக்கு அந்தப் பொய் வந்ததோ தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, ராசா. பிறர் பிள்ளைகளின் நெஞ்சைத் திறந்தபோது வராத பயமெல்லாம் சேர்த்து இப்போது வந்திருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

வருகிற ஞாயிறு முதல் ஞாயிறு. வேலணை மண்டபத்தில் என் இடத்தில் அந்த டொக்டர் இருப்பார், கேட்டிருக்கிறேன், ஓம் என்றார். இரண்டு கதிரையும் போடச் சொல்லிச் செல்வத்திடம் சொல்லிவிட்டேன். நீ தனியே வந்தால் செல்வம் வாசலிலேயே உன்னைத் திருப்பி அனுப்புவார், டொக்டர் அம்மாவின் மகன் என்று பார்க்கமாட்டார். அதற்கு முன் துளசியிடம் சொல்லு. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்காதே. படியில் நின்று நின்று ஏறியது களைப்பில்லை என்று தொடங்கு, மிச்சம் தானாக வரும். மாமி பொய் சொன்னவ என்றும் சொல்லு. அதற்கு அவள் என்னோடு கோபப்பட்டால் கோபப்படட்டும். அது எனக்குச் சேர வேண்டியது. அவள் வந்தால், நீ முதல் கதிரையில் இரு, அவள் மற்றதில் இருக்கட்டும். நான் உள்ளே வரமாட்டேன். வெளியே அந்த வாங்கில், செல்வத்தின் மனைவி குடையோடு இருந்த இடத்தில் இருப்பேன். என்னை ஒருவரும் கேட்கத் தேவையில்லை. கேட்க வேண்டியவளை உள்ளே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அம்மா